அனாமத்து

ஐயா,

வணக்கம். சென்னைக்கு வெளியே இருக்கும் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் கொடுமுடிப் பக்கம். அப்பாவுக்கு மஞ்சள் விவசாயம்.

இங்கே எல்லாம் பளபளப்பாக இருக்கிறது, ஆனால் மூச்சு முட்டுகிறது. 75 சதவீத வருகை இல்லையென்றால் தேர்வு எழுத முடியாது. ஒரு வகுப்பைத் தவறவிட்டால் மாலைக்குள் அப்பாவுக்கு ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி போய்விடுகிறது. அவர் அதை மருந்துக் கடைக்காரரிடம் காட்டிப் படிக்கச் சொல்கிறார். வெளியே போக அவுட்பாஸ் வேண்டும். எங்களுக்கு இரவு ஒன்பது மணி வரை, பெண்கள் விடுதிக்கு ஆறரை மணி. அவர்கள் பழகிவிட்டார்கள். மாணவர் தேர்தல் கிடையாது. மெஸ் சாப்பாட்டைப் பற்றி எழுதவே வேண்டாம். வேலை தர வரும் நிறுவனங்களைக்கூடச் சம்பளத்தை வைத்து டிரீம், சூப்பர் டிரீம் என்று பிரித்திருக்கிறார்கள். வருடத்துக்கு ஏதோ மூன்று நான்கு லட்சம் கட்டுகிறோம் என்று நினைக்கிறேன், அதையெல்லாம் அப்பா பார்த்துக்கொள்கிறார். இவ்வளவு வாங்கிக்கொண்டு எங்களை ஒரு வாடிக்கையாளராகக்கூட மதிப்பதில்லை.

நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் ஒரு தட்டுகூட இல்லை. எனக்கு இலக்கியத்தில்தான் மனம் போகிறது. இந்தச் சூழலில் வாசிப்பைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி? அல்லது படிப்பை விட்டு வெளியேறிவிடலாமா?

பெயரை வெளியிட வேண்டாம்.

*

தம்பிக்கு,

‘அன்புள்ள நண்பருக்கு, உங்கள் கடிதம் கிடைத்தது’ என்றுதான் எழுதத் தொடங்கினேன். இரண்டு பத்தி போனதும் திட்ட வேண்டியிருக்கும் என்று தெரிந்துவிட்டது. நீங்கள் என்று சொல்லித் திட்ட எனக்கு வராது. ஆகவே நீ.

சில்லறைகளை முதலில் தள்ளிவிடுகிறேன். விடுதிச் சாம்பார் எந்தக் காலத்திலும் நன்றாக இருந்ததில்லை. நன்றாக இருந்தது என்று யாராவது சொன்னால் அவர் வார்டனாக இருந்திருப்பார். வருகைப் பதிவு அரசுக் கல்லூரியிலும் உண்டு. மாணவர் தேர்தல் நடத்த வேண்டும் என்று லிங்டோ குழு 2006இல் சொல்லி, உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. உன் வளாகத்துக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை போலும். தமிழ்ப் புத்தகம் இல்லை என்கிறாய். எழும்பூரில் கன்னிமாரா நூலகம் 1896 முதல் இருக்கிறது. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 முதல் இருக்கிறது. அவுட்பாஸ் வாங்கிக்கொண்டு சினிமாவுக்குப் போகிற வழியில்தான் இவையும் இருக்கின்றன.

‘அவர்கள் பழகிவிட்டார்கள்’ என்ற வரியை மட்டும் அப்படித் தள்ள முடியவில்லை. யார் சொன்னது? கேட்டாயா? 2015இல் டெல்லியில் விடுதிப் பெண்கள் ‘பிஞ்ச்ரா தோட்’, கூண்டை உடை, என்று தெருவுக்கு வந்தது இந்தக் கதவடைப்பு நேரத்தை எதிர்த்துத்தான். உனக்கு ஒன்பது மணி. அதனால் அடுத்தவருக்கு ஆறரை மணி பழகிவிட்டதாகத் தெரிகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். மூன்று முறையும் ஒரே இடத்தில் இடறியது. ஏதோ. ‘ஏதோ மூன்று நான்கு லட்சம்.’ மூன்றா, நான்கா? இரண்டுக்கும் நடுவே ஒரு லட்ச ரூபாய் கிடக்கிறது. மஞ்சள் ஒன்பது மாதப் பயிர். வெட்டி, வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றி, ஈரோட்டுக்கு மூட்டையாக ஏற்றி அனுப்புகிறவருக்கு அந்த நடு லட்சம் எத்தனை மூட்டை என்று தெரியும். நிரலில் ஒரு புள்ளி விடுபட்டால் இரவு முழுக்க உட்கார்ந்து தேடுகிற உனக்குத் தெரியாது.

நான்கு வருடத்துக்குப் பெருக்கிப் பார். பன்னிரண்டு லட்சம், அல்லது பதினாறு. அப்பா எங்கே போவார்? கல்விக்கடன் என்றால், ஏழரை லட்சம் வரை வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பதில்லை. அதைத் தாண்டினால் பெரும்பாலும் கேட்கும். உன் தொகை எப்படிப் பார்த்தாலும் தாண்டுகிறது. அப்படியென்றால் ஒரு தோட்டத்துப் பத்திரம் ஒரு வங்கியின் இரும்புப் பெட்டிக்குள் இருக்கக்கூடும். கல்விக்கடனில் கடனாளி மாணவன்தான், பெற்றோர் உடன் கையெழுத்திடுகிறவர்கள். படிக்கும் காலத்திலும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை இல்லை என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார். அந்த நாட்களிலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பது தாளில் இருந்திருக்கும், நீ வாசித்திருக்க மாட்டாய். அப்படி எதிலும் கையெழுத்துப் போட்ட ஞாபகமே இல்லை என்கிறாயா? அப்படியானால் இன்னும் மோசம். நகையை வைத்தோ கைமாற்று வாங்கியோ வெளிவட்டிக்கோ புரட்டியிருக்கிறார்.

வாடிக்கையாளர் என்கிறாய். கால் கிலோ உளுந்து வாங்குகிறவன்கூட விலை கேட்டுவிட்டுத்தான் பையை நீட்டுகிறான். விலை தெரியாத வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை.

இதில் உன் நிறுவனத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. நீ அரசுக் கலந்தாய்வு வழியாகத் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் சேர்ந்திருந்தால் கட்டணத்தை ஒரு குழு நிர்ணயித்திருக்கும். 2017இல் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், தரச்சான்று பெற்ற படிப்புக்கு 55,000 என்று வைத்தார்கள். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் கட்டணச் சலுகை 2010 முதல் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவனுக்கு 2021இல் ஏழரை சதவீத ஒதுக்கீடு வந்தது, கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இவை எதுவும் உன் வளாகத்து வாசலைத் தாண்டி உள்ளே வராது. 1956ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில், பல்கலைக்கழகத்துக்கு நிகர் என்று அறிவிக்கப்பட்டுப் பிறந்த நிறுவனம் அது. சேர்க்கை அவர்களுடையது, விலையும் அவர்களுடையது. (2017இல் உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, பெயரிலிருந்து பல்கலைக்கழகம் என்ற சொல்லை எடுத்துவிடும்படி 123 நிறுவனங்களுக்கு மானியக் குழு எழுதியது. நீ ‘நிகர்நிலை’ என்று கவனமாகத்தான் எழுதியிருக்கிறாய். அந்தக் கவனத்தில் பாதியை ரசீதில் காட்டியிருக்கலாம்.)

சில இடங்களில் இன்னொரு விநோதம் உண்டு. நுழைவுத் தேர்வுத் தரவரிசையைப் பார்த்து ஒரே படிப்புக்கு ஐந்து விதக் கட்டணம். முன்னால் வந்தவனுக்குக் குறைவு, பின்னால் வந்தவனுக்கு அதிகம். திறமைக்கு மரியாதை என்பார்கள். முன்னால் வருகிறவர்களில் எத்தனை பேர் இரண்டு வருடம் பயிற்சி மையத்துக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள்? அதற்கு வழியில்லாதவன் பின்னால் வந்து, முன்னால் வந்தவனைவிட அதிகம் கட்டுகிறான். ஓர் அறையில் மூன்று கட்டில், மூன்று விலை. உன் அறையில் நீங்கள் என்றாவது ஒருவருக்கொருவர் தொகையைச் சொல்லிக்கொண்டது உண்டா? டிரீம் எத்தனை லட்சம், சூப்பர் டிரீம் எத்தனை லட்சம் என்று நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாய். வரப்போகிற பணத்துக்கு இலக்கம் இருக்கிறது. போன பணத்துக்கு ஏதோ.

இவ்வளவு கோபம் எங்கிருந்து வருகிறது என்று நினைப்பாய். சொல்கிறேன்.

என் அப்பா விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் கணக்குப்பிள்ளை. பேனாவைக் காதில் செருகியபடியே வீட்டுக்கு வந்துவிடுகிற ஆள். சீட்டு இல்லாமல் ஓர் ரூபாயும் அவர் பேரேட்டில் ஏறாது. முதலாளியே கல்லாவிலிருந்து எடுத்தாலும் துண்டுச் சீட்டு எழுதி வாங்கிவிடுவார். 1993இல் என்னைச் சுயநிதிப் பொறியியல் கல்லூரி ஒன்றில் சேர்க்க அழைத்துப் போனார். நன்கொடை வாங்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1992இலேயே சட்டம் வந்திருந்தது. சட்டம் வந்து நன்கொடை போகவில்லை, ரசீது போய்விட்டது.

மஞ்சள் பையிலிருந்து 35,000 ரூபாயை எடுத்து மேசையில் வைத்தார். எண்ணினார்கள். 9,000 ரூபாய்க்கு ரசீது கிழித்துக் கொடுத்தார்கள். அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “மீதிக்குச் சீட்டு?” என்றார். கட்டட நிதி என்றார் எழுத்தர். “இருக்கட்டும் சார், அதற்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்.” எழுத்தர் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, “பெரியவரே, உங்களுக்கு சீட் வேண்டுமா, சீட்டு வேண்டுமா?” என்றார்.

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தாரா, பார்க்க விரும்பவில்லையா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். பற்றில் 9,000, கல்லூரிக் கட்டணம், ரசீது எண். அடுத்த வரியில் 26,000 என்று எழுதிவிட்டு, பஸ் திருமங்கலம் தாண்டும்வரை பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு எதிரே எழுதினார்: அனாமத்து.

உனக்கு இந்தச் சொல் தெரிந்திருக்காது. யாருக்குப் போனது, எதற்குப் போனது என்று புரியாத தொகையைக் கணக்குப்பிள்ளைகள் தற்காலிகமாக அனாமத்துக் கணக்கில் நிறுத்திவைப்பார்கள். விவரம் தெரிந்ததும் உரிய பெயருக்கு மாற்றிவிட வேண்டும். ஒன்றிரண்டு மாதத்துக்கு மேல் அனாமத்து நின்றால் கணக்குப்பிள்ளைக்கு அவமானம். எங்கள் வீட்டுக் கணக்கில் அது நின்றது. ஒவ்வொரு சித்திரையிலும் புதுக்கணக்குப் போடும்போது, மூலையில் மஞ்சள் தடவிய முதல் பக்கத்தில், அனாமத்து 26,000 என்று பழைய நோட்டிலிருந்து எடுத்து எழுதுவார். கல்லூரியில் யாராவது கேட்டால் நான் சொல்வேன்: ஏதோ கட்டினார்கள்.

வேலைக்குப் போய் இரண்டாவது வருடம், 26,000 ரூபாயைக் கவரில் போட்டுக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். கணக்கை நேர்செய்துவிடுங்கள் என்றேன். பணத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். நோட்டைத் தொடவில்லை. “வாங்கினவன் வேறு, நீ வேறு. உன் பணத்தை அவன் கணக்கில் எப்படி வரவு வைப்பது?” என்றார். அவர் போய்ப் பதினொரு வருடமாகிறது. கடைசி நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அதிலும் முதல் பக்கத்தில் அந்த வரி இருக்கிறது.

விலகலாமா என்று கேட்டிருந்தாய், மறந்தே போனேன். எனக்குத் தெரியாது. விலகினால் உன் அசல் சான்றிதழ்களை அவர்கள் பிடித்துவைக்கக் கூடாது என்று மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது, அதை மட்டும் நினைவில் வை. மற்றதை நீ முடிவுசெய்வதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

வருகிற விடுமுறையில் ஊருக்குப் போ. பீரோவில் இருக்கும் கோப்பை அப்பாவிடம் கேள். “உனக்கு எதற்குச் சாமி அதெல்லாம், நீ படி” என்பார். பாசத்தில்தான் சொல்வார், விடாதே. எல்லா அப்பாக்களும் அப்படித்தான் சொல்கிறார்கள், எல்லா அலுவலகங்களும் அதை நம்பித்தான் நடக்கின்றன. ரசீதுகளை ஆண்டுவாரியாக அடுக்கு. படிப்புக் கட்டணம் தனி, விடுதி தனி, மெஸ் தனி. ரசீது இல்லாமல் கொடுத்தது உண்டா என்று கேள். கடன் என்றால் எந்த வங்கி, வட்டி எவ்வளவு, உள்ளே இருப்பது எந்தத் தோட்டத்துப் பத்திரம். குறுஞ்செய்தியை வாசித்துக் காட்ட அவருக்கு மருந்துக் கடைக்காரர் இருக்கிறார். அந்தக் கோப்பில் உள்ள ஆங்கிலத்தை அவர் கடைக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. நீ உட்கார்ந்து வரி வரியாக வாசித்துச் சொல்.

பிறகு எனக்கு எழுது. விலகுவதா, தங்குவதா, என்ன வாசிப்பது, எல்லாம் பேசலாம். அந்தக் கடிதத்தில் ‘ஏதோ’ இருந்தால் பதில் வராது.