சாய்தளத்தில் மரம் இறங்கிய விதம்

அன்புள்ள ஐயா,

கேரளத்தின் பரம்பிக்குளம் காட்டு ட்ராம்வே, அதாவது காட்டு மரத்தைக் கொண்டுவரப் போட்ட சிறு புகையிரதப் பாதை பற்றி எழுதும்போது, மலைச்சரிவில் எஞ்சின் இல்லாமலே மரம் இறங்கியது என்று ஒற்றை வரியில் கடந்துவிட்டீர்கள். அது எப்படி? வட இலங்கையில் எங்கள் வன்னியில் முதிரை, பாலை, கருங்காலி எல்லாம் மாட்டு வண்டிலில்தான் மரக்காலைக்கு வந்தன. இங்கே அப்படி ஒரு பாதை போட்டிருந்தால் கட்டுப்படியாகியிருக்குமா?

சி., மாங்குளம்

அன்புள்ள சி.,

சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளம் வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர், மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டர் அகலம்). கொச்சி சமஸ்தானம் போட்ட பாதை. 1907 முதல் 1963 வரை ஓடியது. கீழே சமவெளியிலும் மேலே காட்டுக்குள்ளும் நீராவி எஞ்சின். நடுவிலுள்ள சரிவுகளில்தான் நீங்கள் கேட்ட வித்தை.

இத்தகைய சாய்தளத்தின் உச்சியில் பிரேக் பொருத்திய பெரிய சக்கரம் இருக்கும். அதைச் சுற்றிவரும் கம்பி வடத்தின் ஒரு நுனியில் மரம் ஏற்றிய பெட்டி, மறுநுனியில் அடிவாரத்தில் நிற்கும் வெறும் பெட்டி. பாரம் இறங்க இறங்க வெறும் பெட்டி மேலே வரும். பிரேக் பிடிப்பவர் வேகத்தை அடக்கினால் போதும்.

போதும் என்று சொல்வது சுலபம். விளக்கத்துக்காக ஒரு கணக்கு: சரிவு 5க்கு 1 (ஐந்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம்), நீளம் ஒரு கிலோமீட்டர், பாரம் 10 தொன், வெறும் பெட்டி 3 தொன். பாரம் கீழ்நோக்கி 2 தொன் விசையில் இழுக்கும். வெறும் பெட்டி 0.6 தொன் எதிர்த்து இழுக்கும். ஒரு அங்குல வடம் மீட்டருக்கு 2.5 கிலோ என்றால் முழுவடம் 2.5 தொன், சரிவில் அதன் இழுவை அரைத் தொன். தொடக்கத்தில் வடம் முழுவதும் வெறும் பெட்டியின் பக்கம் கிடப்பதால் மிஞ்சும் இழுவை 0.9 தொன்தான். அடிவாரம் நெருங்கும்போது வடமும் பாரத்தோடு சேர்ந்துவிட, அது 1.9 தொன் ஆகிறது. பிரேக் கட்டை சூடேறிப் பிடி தளரும் நேரத்தில் சுமை இருமடங்கு! உச்சியில் சரிவு கூடுதலாகவும் அடியில் குறைவாகவும் இருந்தால் நல்லது என்பது இதனால்தான்.

வடத்தைத் தொய்வாக விட்டுப் பெட்டியை விளிம்புக்குத் தள்ளினால், அது விழும் திடீர் இழுப்பிலேயே வடம் அறுந்துவிடலாம். தண்டவாளங்களுக்கு நடுவே வடத்தைத் தாங்கும் உருளைகளில் ஒன்று சுழலாமல் இறுகினாலும், வடம் அதன்மேல் உரசி இழை இழையாகத் தேயும். மழைக்காலத்தில் இரண்டையும் நாளும் பார்க்கவேண்டும்.

வன்னிக்கு வருவோம். சாய்தளத்துக்கு மலை வேண்டும். உங்களிடம் அது இல்லை. சமதரையில் எஞ்சின் ஓட்டலாம்தான். ஆனால் ஒரே இடத்திலிருந்து பல வருடம் மரம் வந்தால்தான் தண்டவாளம் போட்ட காசு திரும்பும். முதிரையும் கருங்காலியும் காட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்பவை. வெட்டும் இடம் மாற மாறத் தண்டவாளத்தையும் கழற்றிப் பூட்டவேண்டும். வண்டில் பாதைக்கு அந்தச் செலவில்லை. மாரியில் சேறு என்பீர்கள். கோடையில் வெட்டி, கோடையிலேயே இழுத்துவிட்டால் அந்தக் கரைச்சலும் இல்லை. வடக்குப் புகையிரதப் பாதை 5 அடி 6 அங்குல அகலம் என்பதால், மீட்டர் கேஜில் வரும் மரத்தை மாங்குளத்தில் இறக்கி மறுபடி ஏற்றும் கூலி வேறு.

என் கணக்கில் வண்டில்தான் சரி.