ஷட்டர் யார் கையில்?

அன்புள்ள ஐயா,

திருத்துறைப்பூண்டியில் உரக்கடை வைத்திருக்கிறோம். காலையில் கடை திறந்து ஆள் வரும்வரை போனில் செய்தி படிப்பேன். அமெரிக்காவில் ஸ்டீபன் கோல்பேர் நடத்திவந்த 'லேட் ஷோ' என்ற நகைச்சுவை டிவி நிகழ்ச்சியை நிறுத்தப்போவதாக 2025 ஜூலையில் படித்தேன். அன்றிலிருந்து அதைப் பற்றி வருவதையெல்லாம் படித்து, ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கிறேன். ஒரு பத்திரிகை நஷ்டம் என்கிறது, இன்னொன்று அரசியல் என்கிறது. நான் இதுவரை ஒரு நிகழ்ச்சிகூட முழுசாகப் பார்த்ததில்லை. அப்பா, "எவனோ ஒரு கோமாளி வேலை போனா உனக்கென்னடா?" என்கிறார். இது வீண் வேலையா? இல்லையென்றால் எதை நம்பிப் படிப்பது?

ச., திருத்துறைப்பூண்டி

*

அன்புள்ள ச.,

வீண் வேலை இல்லை. தேதி போட்டு எழுதி வைக்கிறீர்கள் என்ற வரியைப் படித்ததுமே உங்களுக்குப் பதில் எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது.

செய்தி படிக்க நான் கற்றுக்கொண்டது காவிரி விவகாரத்தில்தான். 2007 பிப்ரவரி 5 அன்று நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு வந்தது. மறுநாள் காலை மன்னார்குடியில் ஒரு டீக்கடை பெஞ்சில் இரண்டு பெரியவர்கள் சண்டைக்கே போய்விட்டார்கள். நமக்கு 419 டிஎம்சி என்றார் ஒருவர். 192தான் என்றார் மற்றவர். இரண்டு பேர் கையிலும் பேப்பர் இருந்தது, டீ ஆறிக்கொண்டிருந்தது. சொன்ன இரண்டுமே சரி. 419 என்பது தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய மொத்தம். 192 என்பது கர்நாடகம் எல்லையில் தர வேண்டியது. மீதி நம் பக்கத்திலேயே கிடைக்கும் என்று கணக்கு. 2018இல் சுப்ரீம் கோர்ட் குறைத்தது அந்த 192ஐத்தான், 177.25 ஆக்கியது. எந்த எண்ணைப் பார்த்தாலும் இதை எந்த இடத்தில் நின்று அளந்தார்கள் என்று கேட்கும் பழக்கம் எனக்கு அந்த பெஞ்சில் வந்தது.

இப்போது உங்கள் நோட்டுக்கு வருகிறேன். ஆண்டுக்கு 4 கோடி டாலர் நஷ்டம் என்று எழுதியிருப்பீர்கள். அந்த எண், நிகழ்ச்சியை ஒளிபரப்பிய சிபிஎஸ் சேனல் வெளியிட்ட அறிவிப்பில் இல்லை. இது முழுக்கப் பண விஷயமாக எடுத்த முடிவு என்றுதான் அதில் இருந்தது. 4 கோடி என்பது விவரம் தெரிந்தவர்கள் சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்தது. அதனால் அது பொய் என்று ஆகிவிடாது. ஆனால் அறிவிப்பு ஒரு பக்கத்திலும் கேள்விப்பட்டது இன்னொரு பக்கத்திலும் இருக்கட்டும்.

அப்புறம் தேதிகள். சிபிஎஸ்ஸின் தாய் நிறுவனமான பாராமவுண்ட், டிரம்ப் போட்ட வழக்கை 1.6 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. ஜூலை 14 அன்று கோல்பேர் அதைத் தன் மேடையிலேயே லஞ்சம் என்றார். 17ஆம் தேதி, 2026 மே மாதத்தோடு நிகழ்ச்சி முடியும் என்று அறிவிப்பு. 24ஆம் தேதி, பாராமவுண்டை ஸ்கைடான்ஸ் என்ற கம்பெனியுடன் இணைக்க, ஒளிபரப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்சிசியின் அனுமதி. பத்து நாளில் மூன்றும் நடந்தன. இவை அடுத்தடுத்து வந்தன என்று உறுதியாகச் சொல்லலாம். ஒன்றால்தான் இன்னொன்று நடந்தது என்று சொல்ல இது போதாது. நஷ்டமும் உண்மையாக இருக்கலாம், பயமும் உண்மையாக இருக்கலாம். பத்திரிகைகள் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி உங்களை நெருக்கும். தேர்ந்தெடுக்காதீர்கள்.

இதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது 2010இல் நடந்தது. அப்போது இரவு நிகழ்ச்சி நடத்திய ஜே லெனோவுக்கும் கோனன் ஓ'பிரையனுக்கும் சண்டை என்றுதான் உலகம் முழுக்க எழுதினார்கள். யார் நல்லவர், யார் துரோகி என்று ஒரே பேச்சு. நடந்ததை வரிசையாகப் பாருங்கள். என்பிசி சேனலின் 'டுநைட் ஷோ' 1954லிருந்து வருகிற நிகழ்ச்சி. 2009 ஜூனில் அதை லெனோவிடமிருந்து கோனனுக்குக் கொடுத்தார்கள். லெனோவை விட மனமில்லாமல், அவருக்கு இரவு 10 மணிக்கு ஒரு தினசரி நிகழ்ச்சி கொடுத்தார்கள். அது எடுபடவில்லை. 10 மணிக்கு ஆள் குறைந்ததால், அடுத்து 11 மணிக்கு வரும் உள்ளூர்ச் செய்திக்கும் ஆள் குறைந்தது. என்பிசி நிகழ்ச்சிகளைத் தங்கள் ஊரில் ஒளிபரப்பும் உள்ளூர் நிலையங்களுக்குப் பெரிய வருமானம் அந்தச் செய்தியில்தான். அவர்கள் கூச்சல் போட்டார்கள். உடனே லெனோவை 11.35க்குத் தள்ளி, கோனனை நள்ளிரவு தாண்டி 12.05க்குத் தள்ளப் பார்த்தார்கள். கோனன் மறுத்தார். 2010 ஜனவரி 22 அவருக்குக் கடைசி நாள். மார்ச்சில் லெனோ திரும்பி வந்தார்.

இதை உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். ஆறு மூன்றாகப் பிரிகிற நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் ஷட்டரை இறக்கித் தண்ணீரைக் குறைத்தால் யார் வயல் முதலில் காயும் என்று தெரிந்தவர் நீங்கள். கடைமடையில் இரண்டு பேர் மண்வெட்டியோடு சண்டை போடுவதைப் பார்த்து, அவர்கள் குணம்தான் காரணம் என்று நம்மூரில் யாராவது சொல்வார்களா? அங்கே 10 மணி தலைமடை. 11.35 கடைமடை.

2025 செப்டம்பரில், ஏபிசி சேனலில் இரவு நிகழ்ச்சி நடத்திய ஜிம்மி கிம்மல் விஷயத்தில் ஷட்டர் இன்னும் தெளிவாகவே தெரிந்தது. அவர் பேசிய ஒரு பேச்சுக்காக எஃப்சிசி தலைவர் எச்சரித்தார். அன்றே, பல ஊர்களில் ஏபிசி நிகழ்ச்சிகளை ஒளிபரப்பும் நெக்ஸ்டார் கம்பெனி இனி அவர் நிகழ்ச்சியைப் போட மாட்டோம் என்றது. ஏபிசியும் நிறுத்திவைத்தது. 17ஆம் தேதி நிறுத்தி, 23ஆம் தேதி திரும்ப வந்தார். வந்தும், நெக்ஸ்டாரும் அதே மாதிரி இன்னொரு கம்பெனியான சின்க்ளேரும் தங்கள் நிலையங்களில் சில நாள் திறக்கவில்லை. அதே நேரம் நெக்ஸ்டார், டெக்னா என்ற இன்னொரு கம்பெனியை வாங்க எஃப்சிசி அனுமதியை எதிர்பார்த்துக் காத்திருந்தது. அன்றைய செய்தியில் கிம்மல் படம்தான் பெரிதாக இருந்தது. டெக்னா பெயர் கீழே எங்கேயோ இருந்தது. நீங்கள் அந்தக் கீழ்ப் பத்தியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.

ஒரு குறை சொல்ல வேண்டும். ஒரு நிகழ்ச்சிகூட முழுசாகப் பார்க்காமல் இருப்பது சரியில்லை. பேப்பரில் அச்சான ஜோக், மறுநாள் எடுத்த பந்தல் மாதிரி. கம்பு இருக்கும், கல்யாணம் இருக்காது. கோல்பேர் லஞ்சம் என்று சொன்னதை நான் முதலில் எழுத்தில்தான் படித்தேன். வெறும் வசவாகத் தெரிந்தது. அப்புறம் காட்சியில் பார்த்தேன். தன் முதலாளியைப் பற்றி, முதலாளியின் அரங்கத்திலேயே நின்று ஒரு மனிதர் பேசுகிறார். அதற்குத் தைரியம் வேண்டும். அது நான் படித்த எந்தச் செய்தியிலும் வரவில்லை. கோடையில் நியூயார்க்கில் இரவு 11.35 என்றால் நமக்கு மறுநாள் காலை 9.05. நீங்கள் கடை திறக்கிற நேரம். துண்டு துண்டாக யூடியூபில் வருவதையாவது பாருங்கள்.

எதை நம்புவது என்று கேட்டீர்கள். பேர் போட்டுச் சொன்னதை, ஆவணம் உள்ளதை, தேதி உள்ளதை முதலில் நம்பலாம். மற்றதைப் பென்சிலில் எழுதுங்கள்.

அப்பாவிடம் கோமாளி கதையாக இதைச் சொல்லாதீர்கள். அந்த 2010 விவகாரத்தை முறை வைத்துத் தண்ணீர் விட்ட கதையாகச் சொல்லிப் பாருங்கள். "சரி, ஷட்டர் யார் கையில இருந்துச்சு?" என்று அவரே கேட்பார். அவர் கேட்டதையும் நோட்டில் எழுதி எனக்கு அனுப்புங்கள்.