பூனைக்குட்டி வேண்டாம் என்றால் நான் கல்நெஞ்சக்காரியா?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

ஒரு பூனைக்குட்டியால் எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தையே நின்றுபோயிருக்கிறது. சாக்கடையில் விழுந்து கிடந்த குட்டியை ஒருவர் மீட்டுத் தேற்றி வைத்திருக்கிறார். 3 மாதக் குட்டி. வளர்க்க ஆள் தேடுகிறார். அதன் படத்தைப் பார்த்த நாள் முதல் என் 13 வயது மகளுக்கு வேறு பேச்சே இல்லை. 'எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்வேன்' என்கிறாள். சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாதவள்! கணவரோ, 'ஒரு குட்டிதானே, இருந்துவிட்டுப் போகட்டும்' என்கிறார். பூனை கழிவு போகும் மணல் தட்டை அள்ளப்போவது அவரா? தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு ஓடப்போவது அவரா? எல்லாம் என் தலையில்தான் விழும்.

முடி கொட்டும், நாற்காலித் துணியைக் கிழிக்கும், நாலு நாள் வெளியூர் போக முடியாது. இதைச் சொன்னால் 'அம்மாவுக்கு இரக்கமே இல்லை' என்கிறாள் மகள். என்னைப் பார்த்து! படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் நான். அவர் போய் ஓராண்டு ஆகப்போகிறது. இன்னமும் இரவு 2 மணிக்கு, அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் நேரத்துக்கு, விழிப்பு வந்து அந்த அறை வாசல்வரை போய்விடுகிறேன். பழக்கம்தான், அது கிடக்கட்டும். இந்த வீட்டில் என் பேச்சுக்கு மதிப்பே இல்லையா? எல்லாரும் ஆசைப்படுவார்கள், செய்கிறவள் நான் ஒருத்தி. இந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். சம்மதிப்பதா, மறுப்பதா? மறுத்தால் நான் கல்நெஞ்சக்காரியா?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முடியைப் பற்றியும் நாற்காலியைப் பற்றியும் நான் எழுதப்போவதில்லை. 'அது கிடக்கட்டும்' என்று நீங்கள் தள்ளிவிட்டுப் போன இடத்துக்கே வருகிறேன்.

படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடக்கூடும். அந்தப் பயத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டே உறங்கியிருக்கிறீர்கள். நீண்ட காலம் ஒருவரைக் கவனித்தவர்களுக்கு, அவர் போன பிறகும் உடல் காவலிலிருந்து இறங்க மறுக்கிறது. 'இனியாவது ஓய்வெடு' என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். நீங்கள் பழக்கம் என்று சொல்வதில் துக்கமும் களைப்பும் சேர்ந்தே இருக்கின்றன. உங்களை நம்பி இன்னோர் உயிர் வீட்டுக்குள் வருகிறதே என்பதுதான் உங்களைக் கலக்குகிறது என்று நினைக்கிறேன்.

மகளின் வாக்கை நீங்கள் நம்பாததில் தவறில்லை. வீட்டுக்குள் வளரும் பூனை 15 ஆண்டுகள்கூட வாழும். அவள் படிப்பு, வேலை என்று கிளம்பிய பிறகும் அது உங்களோடுதான் இருக்கும். ஆனால் அவளிடம் நீங்கள் சொன்ன காரணங்களை ஒருமுறை திரும்பப் படியுங்கள். நாற்காலித் துணிக்காக அம்மா ஓர் உயிரை மறுக்கிறாள் என்றுதான் அந்தப் பெண் புரிந்துகொண்டிருக்கிறாள். அவ்வளவை மட்டும் கேட்டிருந்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். இரவு 2 மணிக்கு நீங்கள் எழுந்து நடப்பது கணவருக்குத் தெரியுமா? தெரியும் என்று கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. நீங்கள் சொல்லாததை அவர் உணரவில்லை என்று கோபிப்பது நியாயமாகாது, அம்மா. வேலையைப் பங்கிடுவதில் அவர்மேல் குறை இருக்கலாம். அதைத் தனியாகக் கேளுங்கள், பூனையை நடுவில் வைத்து வேண்டாம்.

இன்னொன்று. 3 மாதக் குட்டி நோயாளி இல்லை. தானே தின்னும், பழக்கிவிட்டால் மணல் தட்டைத் தானே தேடிப் போகும், நாளில் பெரும்பகுதி தூங்கும். சில வார இடைவெளிகளில் தடுப்பூசி, பிறகு கருத்தடை அறுவைச் சிகிச்சை. மற்றபடி அதற்கு வேண்டியது விளையாட்டுத் துணை. அதில் உங்களைவிட உங்கள் மகளே கெட்டிக்காரியாக இருப்பாள். மாமியாருக்குச் செய்த பணிவிடையின் பாரத்தை அந்தச் சின்ன உயிரின் மேல் ஏற்றிப் பார்க்கிறீர்கள்.

இருந்தாலும், இந்த வாரம் சம்மதிக்காதீர்கள். மறுப்பதால் நீங்கள் கல்நெஞ்சக்காரி ஆகிவிட மாட்டீர்கள். அரைமனதோடு கொண்டுவந்து, தாளாமல் சில மாதங்களில் திருப்பிக் கொடுத்தால், வளர்ந்துவிட்ட அந்தப் பூனைக்கு இன்னொரு வீடு கிடைப்பது மேலும் கடினம். மீட்டவரிடம் இப்போதே தெளிவாகச் சொல்லிவிட்டால், அவர் வேறு வீடு தேடத் தொடங்கலாம்.

அதற்கு முன் கணவரையும் மகளையும் உட்காரவைத்து, எனக்கு எழுதிய அந்த 2 மணிச் செய்தியைச் சொல்லுங்கள். பூனைப் பேச்சே எடுக்காமல் சொல்லுங்கள். தூக்கம் தொடர்ந்து கெட்டால் மருத்துவரைப் பாருங்கள். ஓராண்டாக உடைந்த தூக்கத்தை இனியும் பொறுத்துக்கொள்ள வேண்டாம். சில மாதங்கள் கழித்து மகள் மறுபடி கேட்டால் உங்கள் பதில் மாறக்கூடும். வீடு தேடும் குட்டிகள் அப்போதும் இருக்கும்.

அதுவரை அவளுக்கு மனம் ஆறவில்லை என்றால், விடுமுறை நாட்களில் மீட்டவரிடம் போய்த் தட்டுகளைக் கழுவவும் குட்டிகளோடு விளையாடவும் அனுமதி கேட்கட்டும். அழைத்துப் போகும் பொறுப்பு அவள் அப்பாவுடையது. நீங்கள் உடன் போக வேண்டியதில்லை.