வாசகர் கேள்வி - பதில்: ஆழ்கடல் ஜிக்கிங்கிற்கு எந்த ராடு?

கே: வாடகைப் படகில் கடலடிப் பாறைத்திட்டான பாருக்குப் போய், ஜிக் (மீன்போல் ஆடும் உலோகத் தூண்டில் இரை) போட்டு மீன் பிடிக்க ஆசை. இருபது, முப்பது கிலோ பாறை மீனோ களவாவோ மாட்டினாலும் தாங்க வேண்டும். கடையில் '50 கிலோ தாங்கும்' என்று ஒரு தூண்டில் ராடைக் காட்டுகிறார்கள். வாங்கலாமா?
- தூத்துக்குடி வாசகர்

ப: வேண்டாம். அந்த 50 கிலோவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஜிக்கிங் ராடில் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள்: எத்தனை கிராம் ஜிக் வரை, எத்தனை பி.இ. எண் கொண்ட தூண்டில் நரம்பு வரை. நல்ல ராடுகளில் இவை கைப்பிடிக்கு மேலே கம்பின் மீதே அச்சிடப்பட்டிருக்கும். எழுதாத ராடு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.

கணக்கை ஆழத்திலிருந்து தொடங்குங்கள். நீங்கள் போகும் இடத்தில் 40 பாகம் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 73 மீட்டர். நீவாடு (கடல் நீரோட்டம்) குறைவான நாளில் மீட்டருக்கு 2 கிராம் என்ற கணக்கில் 150 கிராம் ஜிக் போதும். நீவாடு ஓடினால் 200, 250 வரை போக வேண்டியிருக்கும். நரம்பு நேராக இறங்காமல் படகைவிட்டுச் சாய்ந்துகொண்டே போனால் எடை போதவில்லை என்று அர்த்தம்.

நீங்கள் அதிகம் போடப்போகும் ஜிக், ராடின் வரம்புக்கு நடுவில் வர வேண்டும். உங்கள் கணக்குக்கு 120 முதல் 300 கிராம் வரை எழுதிய ராடு சரி. இதைவிட விறைப்பான ராடில் 150 கிராம் ஜிக்கைக் கட்டினால், மேலே இழுக்கும்போது நுனி வளையவே வளையாது. ஜிக் வெட்டி இழுத்ததுபோல் ஏறும். பக்கவாட்டில் திரும்பிப் படபடத்து விழாது. பத்தே நிமிடத்தில் மணிக்கட்டு வலிக்கும். மெலிந்த ராடில் 300 கிராமைக் கட்டினால் நேர்மாறு. நுனி குனிந்தது குனிந்தபடியே நிற்கும். கை மட்டும் ஏறி இறங்கும், கீழே ஜிக் அசையாது. நுனி வளைந்து, அடுத்த இழுப்புக்குள் நிமிர்ந்துவிட வேண்டும். அதுதான் பொருத்தமான ராடு.

அடுத்தது நரம்பு. பி.இ. எண் பிரெய்டின் (பின்னல் நரம்பின்) பருமனைச் சொல்வது, வலுவை அல்ல. பி.இ. 3 சுமார் 0.285 மில்லிமீட்டர், பி.இ. 5 சுமார் 0.37. வலு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பி.இ. 3-க்கு 50 பவுண்டு, பி.இ. 5-க்கு 80 பவுண்டு என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். பாரில் பெரிய களவாவுக்குப் போவதானால் பி.இ. 5-க்குக் குறையாதீர்கள். களவா ஜிக்கைக் கவ்வியதும் பொந்துக்குள் திரும்பும். முதல் ஐந்து மீட்டரில் அதைத் தரையிலிருந்து பிரித்தால்தான் மீன் உங்களுடையது. 80 பவுண்டு என்பது 36 கிலோ. டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிரேக்) அதில் மூன்றில் ஒரு பங்கு, 12 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. பழகும்வரை 8 கிலோவில் வையுங்கள். ராடை வளைத்துப் பிடித்தபடி, மீன் நிறுக்கும் கைத்தராசில் நரம்பைக் கட்டி இழுத்து அளந்து வையுங்கள். கையால் இழுத்துக் குத்துமதிப்பாக வைத்தால் பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். நரம்பு ஓட ஓட ஸ்பூலின் சுற்றளவு குறையும். குறையக் குறைய டிராக் இறுகும். 150 மீட்டர் ஓடிய பிறகு மேலும் முறுக்காதீர்கள்.

நீளம் 5 அடி 6 அங்குலம் முதல் 6 அடிக்குள் இருக்கட்டும். ராடு நீள நீள நெம்புகோல் மீனுக்குச் சாதகமாகிவிடும், உங்கள் இடுப்பு வலிக்கும். எட்டடிப் பாப்பிங் ராடு தூரம் எறிவதற்கு. நேர்கீழே இழுப்பதற்கு அல்ல.

கடையில் ரீலைப் பொருத்தியே பாருங்கள். அடிக்கட்டை முழங்கையைத் தாண்டி அக்குளுக்குள் அடங்க வேண்டும். குட்டையாக இருந்தால் ஒவ்வோர் இழுப்பிலும் முன்கையில் குத்தும். மறு கையை நீட்டினால் முன்பிடி இயல்பாக எட்ட வேண்டும். ரீல் இருக்கையின் வளையத்தை இறுக்கி, ரீலை இருபக்கமும் திருகிப் பாருங்கள்; இம்மி ஆட்டம் இருந்தாலும் வேண்டாம். நுனியைக் கூரையில் முட்டி வளைத்துக் காட்டும் கடைக்காரரைத் தடுத்துவிடுங்கள். பலர் கைபட்ட காட்சி ராடைத் தவிர்த்து, உறை பிரிக்காததைக் கேளுங்கள். முதல் ராடானால் முழுக் கார்பனைவிட, கண்ணாடி நார் கலந்த கம்பு நல்லது. கொஞ்சம் கனம்தான், ஆனால் கைத்தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றை ஒட்டிய ஆழமற்ற கடலும் தேசியப் பூங்கா. அங்கே தூண்டில் போடக்கூடாது. படகுக்காரரிடம் இடத்தை முன்கூட்டியே கேட்டு உறுதி செய்யுங்கள்.

கே: அந்தமானில் டாக்டூத் டியூனா என்ற பெரிய மீனோடு போராடும்போது புது ராடு 'டப்' என்று நுனிப் பக்கம் உடைந்தது. டிராக் 9 கிலோதான். ராடு பி.இ. 6 வரை தாங்கும் என்று எழுதியிருந்தது. தரக்குறைவா?
- சென்னை வாசகர்

ப: தரக்குறைவு என்று சொல்வதற்கு முன் மூன்று விஷயங்களை நினைவுபடுத்திப் பாருங்கள்.

மீன் படகுக்கு நேர்கீழே வந்தபோது ராடை வானம் பார்க்கத் தூக்கினீர்களா? நுனிப் பக்கம் உடைவதற்கு அதுவே முதல் காரணம். ராடு கிடைமட்டத்தில் இருக்கும்வரை அடிக்கட்டைதான் பாரத்தை வாங்கும். செங்குத்தாகத் தூக்கியதும் 9 கிலோவும் பேனா பருமனுள்ள கடைசி ஓரடியில் குவியும். அதற்கு எந்த ராடும் தாங்காது. கடைசிப் பத்து மீட்டரில் நுனியை இடுப்பளவுக்கு மேல் ஏற்றாமல், சிறுசிறு ஏற்றமாக இழுத்து, இறக்கும்போது ரீலைச் சுற்றுங்கள். மீன் படகுக்கு அடியில் புகுந்தால் ராடை உயர்த்தாதீர்கள். நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி, அணியத்தையோ (முன்முனை) அமரத்தையோ (பின்முனை) சுற்றி நடந்து மீனோடு போங்கள்.

இரண்டாவது, கையை முன்பிடிக்கு மேலே, வெறுங்கம்பில் வைத்தீர்களா? சோர்ந்த கை தானாக அங்கே ஏறும். கை ஏறிய அளவுக்கு அடிக்கட்டை வேலைசெய்யாமல் போய்விடும். ராடு குட்டையாகி, பாரம் நுனிக்குப் போகும். கம்பைப் படகின் விளிம்பில் சாய்த்திருந்தாலும் இதே கதி. ஆனால் அப்போது உடைப்பு பெரும்பாலும் கைப்பிடியை ஒட்டி வரும்.

மூன்றாவது, ஓடும் படகில் 300 கிராம் ஜிக் தொங்கியபடி கம்பில் அடித்துக்கொண்டே வந்ததா? கார்பனில் நகக்கீறல் அளவு காயம் பட்டால்கூட, பல நாள் கழித்துப் பாரம் ஏறும்போது அந்த இடத்தில்தான் முறியும். ஜிக்கை ரீலின் காலில் மாட்டி, கம்போடு சேர்த்துத் துணிப்பட்டையால் கட்டிவிடுங்கள்.

பாரில் ஜிக் சிக்கினாலும் ராடால் பிடுங்காதீர்கள். ராடை நரம்பின் திசைக்கே நீட்டி, நரம்பை ஒரு கட்டையில் நாலைந்து சுற்றுச் சுற்றிப் படகின் ஓட்டத்தில் அறுத்துவிடுங்கள். வெறுங்கையில் சுற்றினால் பிரெய்டு விரலை எலும்புவரை அறுக்கும்.

கே: ஜிக்கை நிதானமாக ஏற்றி இறக்கும் ஸ்லோ பிட்ச் ராடு ஒன்றே போதுமா? கீழே ரீல் தொங்கும் ஸ்பின்னிங்கா, மேலே ரீல் வைக்கும் ஓவர்ஹெட்டா?
- புதுச்சேரி வாசகர்

ப: ஜப்பானின் நோரிஹிரோ சாட்டோ பரப்பிய ஸ்லோ பிட்ச் முறையில், ராடின் வேலை ஜிக்கைத் துள்ளவைப்பது மட்டுமே. மீன் மாட்டியதும் ராடைத் தாழ்த்தி, நரம்போடு ஏறக்குறைய நேர்கோட்டில் பிடித்து, ரீலின் வலுவால் சுற்ற வேண்டும். அந்தப் பழக்கம் கையில் ஏறாதவர்கள் பெரிய மீனுக்கு அந்த மெல்லிய கம்பை எடுத்துப்போனால் உடைத்துக்கொண்டுதான் வருவார்கள். ஒரே ராடுதான் என்றால் நடுத்தர வேக ஜிக்கிங் ராடே எங்கள் தேர்வு.

80 மீட்டருக்குள், வேகமாக இழுத்து வஞ்சிரம், பாறை பிடிக்க ஸ்பின்னிங் எளிது. நூறு மீட்டரைத் தாண்டி 300, 400 கிராம் ஜிக் என்றால் ஓவர்ஹெட். அதில் நரம்பைக் கட்டைவிரலால் ஸ்பூலில் சமமாகப் பரப்பப் பழக வேண்டும். வளையங்கள் மேலிருந்து பக்கவாட்டில் சுழன்று கீழே இறங்கும்படி கட்டிய ராடு கிடைத்தால் அதையே எடுங்கள். பாரம் ஏறும்போது கையில் புரளாது. ஸ்பின்னிங் ராடில் ஓவர்ஹெட் ரீலை மாட்டிச் சமாளிக்க வேண்டாம். வளையங்களின் அளவும் உயரமும் வேறு.

கே: விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது? பழைய ராடு வாங்கலாமா?
- மதுரை வாசகர்

ப: கைப்பிடி மட்டும் தனியே கழலும் ராடு வாங்குங்கள். கம்பு ஒரே துண்டாக இருப்பதால் வலு குறையாது. நீளமும் ஐந்தடியைச் சுற்றி அடங்கும். இருபுறமும் மூடி போட்ட 4 அங்குல பி.வி.சி. குழாயில் நுனிக்குப் பஞ்சு வைத்து அனுப்பலாம். எவ்வளவு நீளம்வரை ஏற்பார்கள் என்று டிக்கெட் எடுக்கும் முன்பே விமான நிறுவனத்திடம் கேளுங்கள்.

பழைய ராடில் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சிறு பஞ்சை இழுத்துப் பாருங்கள். பஞ்சு இழை மாட்டினால் உள்ளே விரிசல். அந்த வளையம் பிரெய்டைச் சீவிவிடும். பிறகு கம்பை அடியிலிருந்து நுனிவரை விரல்நகத்தால் மெல்ல வருடுங்கள். எங்காவது நகம் தட்டினால் அந்த ராடு வேண்டாம்.