டெஸ்ட்களை ஒரே நேரத்தில் ஓட்டலாமா, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓட்ட வேண்டுமா?

மென்பொருள் சரியாக வேலை செய்கிறதா என்று தானாகச் சோதிக்கும் டெஸ்ட்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால் எல்லாம் பாஸ் ஆகிறது, ஒரே நேரத்தில் ஓட்டினால் சிலது ஃபெயில் ஆகிறது, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். அப்போது விழுகிற டெஸ்ட்களை உட்கார்ந்து பாருங்கள். அவற்றில் பெரும்பாலானவை முன்பே கோளாறாக இருந்தவை. வரிசையாக ஓடியதால் வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

நான் ராயபுரத்தில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். துறைமுகத்துக்குப் போய்வரும் கன்டெய்னர் லாரிகளுக்கு டிரிப் ஷீட், பில் போடும் மென்பொருள் செய்கிறோம். பைத்தான் மொழியில் ஜாங்கோவை வைத்து எழுதுகிறோம், டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், மெமரியில் வேகமாக எடுத்துவைக்க ரெடிஸ் என்ற சேமிப்பு. சுமார் 1,400 டெஸ்ட்கள். வரிசையாக ஓட 38 நிமிடம் ஆகும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கேட் திறக்கக் காத்திருக்கும் லாரிகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நகரும். 38 நிமிடம் யார் காத்திருப்பார்கள்? ஒரு சனிக்கிழமை மாலை, டெஸ்ட் முடியும் முன்பே ஒரு மாற்றத்தை வெளியிட்டுவிட்டோம். திங்கட்கிழமை பதினோரு லாரிகளுக்கு ஹால்டிங் பணம் (லாரி காத்திருந்ததற்கான கட்டணம்) இரண்டு முறை ஏறிய பில் போயிருந்தது. அதைப் பிடித்திருக்க வேண்டிய டெஸ்ட் எங்களிடம் இருந்தது. அதன் முறை வரும் முன்பே நாங்கள் எழுந்து போய்விட்டோம். அதனால்தான் சொல்கிறேன், வேகம் என்பது வசதிக்காக மட்டும் இல்லை. மெதுவான டெஸ்ட்டை மனிதர்கள் ஓட்டுவதை நிறுத்திவிடுவார்கள்.

பைத்தான் டெஸ்ட்களை ஓட்டும் கருவியான பைடெஸ்ட்டில் எக்ஸ்டிஸ்ட் என்ற பிளகினை, அதாவது கூடுதல் வசதியை, போட்டு நாலு வொர்க்கரோடு ஓட்டினோம். டெஸ்ட்களைப் பங்கு போட்டு ஒரே நேரத்தில் ஓட்டுபவைதான் வொர்க்கர்கள். முதல் தடவை 23 ஃபெயில். திரும்ப ஓட்டினால் 17, அதுவும் வேறு வேறு டெஸ்ட்கள். கூட வேலை செய்யும் தங்கை ஒருத்தி, "அண்ணா, நான் எதையுமே மாத்தல. தனியா ஓட்டினா பாஸ் ஆகுது. பழையபடி வரிசையாவே ஓட்டிடலாமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு டெஸ்ட்டை மட்டும் எடுத்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம்.

மூன்று பில் போட்டு, மூன்றாவது பில்லின் எண் 3 என்று வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் அது. 1 என்று வந்திருந்தது. டேட்டாபேஸில் தப்பில்லை. பைடெஸ்ட்-ஜாங்கோ என்ற பிளகின் ஒவ்வொரு வொர்க்கருக்கும் தனி டேட்டாபேஸைத் தானே உருவாக்கிக்கொள்ளும். ஆனால் பில் எண்ணுக்கான கவுன்டரை நாங்கள் ரெடிஸில் வைத்திருந்தோம், அந்த ரெடிஸ் நாலு வொர்க்கருக்கும் ஒன்றேதான். இந்த டெஸ்ட் இரண்டாவது பில் போட்ட கணத்தில், பக்கத்து வொர்க்கரில் வேறொரு டெஸ்ட் தொடங்குகிறது. தொடக்கத்திலேயே ரெடிஸைச் சுத்தமாகத் துடைக்கிறது. கவுன்டர் மறுபடி பூஜ்யம்.

எங்கள் பக்கம் கேரம் மன்றங்கள் நிறைய. வண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா 2024 உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கியதைப் படித்திருப்பீர்கள். மன்றத்தில் நாலு போர்டு இருந்தால் நாலு ஆட்டம் நடக்கும், ஒன்றுக்கொன்று தொந்தரவே இல்லை. ஒரே போர்டில் இரண்டு ஆட்டம் வைத்தால், இவன் அடித்த ஸ்ட்ரைக்கர் அவன் காயைக் கலைக்கும். எங்கள் ரெடிஸ் அந்த ஒற்றை போர்டு.

சரி செய்தது எளிது. ரெடிஸில் இயல்பாகவே 0 முதல் 15 வரை பதினாறு டேட்டாபேஸ்கள் உண்டு. வொர்க்கரின் எண்ணைப் படித்து, ஆளுக்கொன்று கொடுத்துவிட்டோம். துடைக்கும்போது அவரவர் இடத்தை மட்டும் துடைக்கும். 23 ஃபெயிலில் பதினெட்டு அந்த ஒரு திருத்தத்திலேயே போய்விட்டன. மீதியில் சிலது டெம்ப் ஃபோல்டரில் ஒரே பெயரில் பிடிஎஃப் எழுதிய டெஸ்ட்கள். ஒன்று எழுதி முடிக்கும் முன் இன்னொன்று படிக்கும். பைடெஸ்ட்டே தரும் தனி ஃபோல்டருக்கு மாற்றினோம். இன்னொன்றில் போலி மெயில் சர்வருக்குப் போர்ட் எண்ணை, அதாவது அது கேட்டுக்கொண்டிருக்கும் வாசல் எண்ணை, நிரந்தரமாக எழுதிவைத்திருந்தோம். இரண்டு வொர்க்கர் ஒரே எண்ணைக் கேட்டால் மோதும். போர்ட் 0 என்று கொடுத்தால் காலியாக இருக்கும் எண்ணை ஆபரேட்டிங் சிஸ்டமே எடுத்துத் தரும்.

நீங்கள் தொடங்கும்போது நேரே நாலு வொர்க்கருக்குப் போக வேண்டாம். முதலில் ஒன்றன்பின் ஒன்றாகவே, ஆனால் வரிசையைக் கலைத்துப் போட்டு ஓட்டுங்கள். பைடெஸ்ட்-ரேண்டம்லி என்ற பிளகின் இதைச் செய்யும். எந்த எண்ணை வைத்துக் கலைத்தது என்று மேலேயே காட்டும், அதே எண்ணைக் கொடுத்தால் அதே வரிசை திரும்ப வரும். முந்தைய டெஸ்ட் விட்டுப்போனதை நம்பி நிற்கும் டெஸ்ட்கள் இதிலேயே மாட்டும். அப்புறம் வொர்க்கர்களைக் கூட்டுங்கள்.

எத்தனை வொர்க்கர்? அளந்துதான் பார்க்க வேண்டும். எங்களுக்கு நாலில் 11 நிமிடம், எட்டில் 14 நிமிடம். எட்டு ஜிபி மெமரி போதவில்லை, டிஸ்க்கில் மாற்றி மாற்றி எழுத ஆரம்பித்துவிட்டது. இன்னொன்றும் உண்டு. ஒரு ஃபைலின் டெஸ்ட்களை ஒரே வொர்க்கருக்கு அனுப்பும்படி வைத்தால், மிக நீளமான ஃபைல் எடுக்கும் நேரத்துக்குக் கீழே மொத்த நேரம் இறங்கவே இறங்காது. அந்த ஃபைலைப் பிரித்துப்போடுங்கள்.

மற்ற மொழிக்காரர்களுக்கு: ஜாவாஸ்கிரிப்ட்டின் ஜெஸ்ட் ஃபைல்களை இயல்பாகவே இணையாக ஓட்டும், ரன்-இன்-பேண்ட் என்ற ஆப்ஷன் கொடுத்தால்தான் வரிசை. ஜாவாவின் ஜேயூனிட் 5 நேர்மாறு, நீங்கள் சொன்னால்தான் இணையாக ஓடும். கோ மொழியில் ஒரு பேக்கேஜுக்குள் பேரலல் என்று கூப்பிட்ட டெஸ்ட்கள் மட்டும் சேர்ந்து ஓடும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஃபெயில் ஆனால் தானே மூன்று தடவை ஓட்டிப் பார்க்கும் பிளகினைப் போட்டு மூடிவிடாதீர்கள். எங்கள் 23 ஃபெயிலில் ஒன்று டெஸ்ட்டின் தப்பே இல்லை. இரண்டு பேர் ஒரே நொடியில் பில் போட்டால் ஒரே எண் இருவருக்கும் போகும் ஓட்டை எங்கள் நிரலிலேயே இருந்தது. கவுன்டரைப் படித்து, கூட்டி, திரும்ப எழுதும் மூன்று வரிகள். அதை, இடையில் யாரும் புக முடியாத ரெடிஸின் இன்கிரிமென்ட் என்ற ஒரே கட்டளையாக மாற்றினோம். வரிசையாக ஓட்டிக்கொண்டிருந்த வரைக்கும் அது எங்கள் கண்ணில் படவே இல்லை.

வரிசையாக ஓட்டுவதற்கும் இடம் உண்டு. ஒரு டெஸ்ட்டை, நிரலை வரிவரியாகப் பார்க்க உதவும் டீபக்கரில் நிறுத்திப் பார்க்கும்போது வொர்க்கர் எண்ணிக்கையை 0 என்று கொடுத்துவிடுவேன். அப்புறம், நிதியாண்டு முடிவில் மொத்த டேபிளையும் பூட்டி எண்களைப் புதிதாகத் தொடங்கும் டெஸ்ட்கள் பன்னிரண்டு இருந்தன. அவற்றைத் தனிக் குறியிட்டு, மற்றவை முடிந்த பின் வரிசையாக ஓட்டுகிறோம். அதற்கு இரண்டு நிமிடம். போன மாதம் அதில் நாலைப் பிரித்து, ஒரே நேரத்தில் ஓடும் பக்கம் கொண்டுவந்தாயிற்று. எட்டு மிச்சம்.