முட்டைக் காப்பி: ஒரு கடிதம்

வணக்கம். அமெரிக்காவில் குடியேறிய ஸ்வீடன்காரர்கள் காப்பித்தூளில் முட்டையை உடைத்துப் போட்டுக் கொதிக்க வைப்பார்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். கவிச்சை அடிக்காதா? ஸ்வீடனிலும் இதுதான் பழக்கமா?
எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

அடிக்காது. முட்டை போடுவது காப்பி தெளிய. கப்பில் அது வருவதே இல்லை.

அன்றைய ஸ்வீடனில் தூளை நேரே தண்ணீரில் கொதிக்கவிட்டுத்தான் காப்பி. சக்கை அடியில் இறங்கக் காய்ந்த மீன்தோலில் ஒரு துண்டு போடுவார்கள் (இதற்கு முட்டை எவ்வளவோ மேல்). முட்டைக் காப்பி வேர்பிடித்தது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகர வட்டாரத்தில். ஸ்டாக்ஹோமில் கேட்டால் பெரும்பாலும் விழிப்பார்கள்.

அதை நிலைநிறுத்தியவை லூத்தரன் என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவினரின் தேவாலயங்களில் இருந்த அடித்தளச் சமையலறைகள். சபையில் மதுவுக்கு இடமில்லை. கூட்டம் எதுவானாலும் காப்பிதான். நூறு பேருக்கு ஒரே அண்டாவில், வடிகட்டித் துணியோடு மல்லுக்கட்டாமல் போட இதைவிட வசதி கிடையாது. மினசோட்டா மாநிலச் சந்தையில் சேலம் (நம் ஊர் சேலம் அல்ல) லூத்தரன் சபையின் கடையில் இன்றும் கிடைக்கிறது.

வீட்டில் செய்ய: கொரகொரப்பாக அரைத்த தூள் முக்கால் கப், ஒரு முட்டை, கால் கப் குளிர்ந்த தண்ணீர். மூன்றையும் ஈரமண் பதத்துக்குப் பிசையுங்கள். கழுவிய ஓட்டையும் நொறுக்கிச் சேர்ப்பவர்கள் உண்டு. அதன் சுண்ணாம்பு புளிப்பைச் சற்றுக் குறைக்கும். 2 லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது கலவையைப் போட்டு 3 நிமிடம் விடுங்கள். முட்டையின் புரதம் வெந்து இறுகும்போது தூளையும் கசப்பில் ஒரு பங்கையும் பிடித்துக்கொண்டு கட்டியாக மேலே மிதக்கும். இறக்கி ஒரு கப் ஐஸ் தண்ணீர் ஊற்றி, 10 நிமிடம் மூடி வையுங்கள். கட்டி அடியில் இறங்கியதும் வடிகட்டினால் தேன் நிறத்தில் காப்பி.

கெடுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். தூளோடு பிசையாமல் முட்டையைத் தனியே ஊற்றினால் வெள்ளை இழைகளாகத் திரியும். கவிச்சை வருவது அப்போதுதான். சின்னப் பாத்திரம் என்றால் நுரை பொங்கி அடுப்பை அணைத்துவிடும், பாதியளவு காலியாக இருக்கட்டும். நம் ஊர் ஃபில்டர் தூள் இதற்கு ரொம்ப நைஸ். சிக்கரியோ தண்ணீரில் கரைந்துவிடும், முட்டையால் அதைப் பிடிக்க முடியாது. சிக்கரி கலக்காத கொட்டையை வாங்கிக் கொரகொரப்பாக அரைத்துத் தரச் சொல்லுங்கள்.

பழைய ஆட்கள் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு, காப்பியைச் சாசரில் ஊற்றி உறிஞ்சுவார்கள். பால் சேர்ப்பது உங்கள் இஷ்டம். மிச்சத்தைச் சக்கையோடு மறுபடி சூடாக்க வேண்டாம், கசந்துவிடும்.