இதயம் சுரக்கும் ஹார்மோன் இரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களின் வளர்ச்சியை எவ்வாறு பாதிக்கிறது?

இரத்தக்குழாயின் உட்புறத்தை ஒற்றை அடுக்காகப் போர்த்தியிருக்கும் மெல்லிய செல்களை எண்டோதீலியச் செல்கள் என்பர். இரத்தம் மிகுந்து இதயத்தின் மேலறைச் சுவர் இழுபடும்போது, 28 அமினோ அமிலங்கள் கொண்ட ஏ.என்.பி. என்னும் ஹார்மோனை இதயமே சுரக்கிறது. ஆய்வாளர் அடோல்ஃபோ டி போல்டின் குழு, எலியின் மேலறைத் திசுச்சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தியபோது சிறுநீரில் உப்பும் நீரும் பெருமளவில் வெளியேறியதை 1981இல் அறிவித்தது. இதயத்தை வெறும் பம்பு என்று கருதிவந்த காலம் அது.

இந்த ஹார்மோன் உட்சுவர்ச் செல்லின் மேலுள்ள ஏற்பியில் பொருந்தியதும், செல்லுக்குள் சுழல் ஜி.எம்.பி. என்னும் தூது மூலக்கூறு பெருகி, செல் இரண்டாகப் பிரிந்து பெருகுவதைத் தூண்டும் அல்லது அடக்கும் புரதங்களை இயக்குகிறது. வியப்பு என்னவென்றால், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் குறைந்த செறிவு பெருக்கத்தைத் தூண்டியது. மிகுந்த செறிவோ அதைத் தடுத்தது. செடிக்கு ஊற்றும் நீரைப் போலத்தான்: அளவோடு ஊற்றினால் தழைக்கும், தேங்கினால் வேர் அழுகும் (செல் அழுகுவதில்லை, பிரிவதை நிறுத்துகிறது, அவ்வளவே).

இரத்தப் பரிசோதனையில் இதே குடும்பத்தைச் சேர்ந்த பி.என்.பி. மிகுந்திருந்தால், அந்த ஹார்மோனே இதயத்தைக் கெடுக்கிறது என்று பலர் அஞ்சுகின்றனர். உண்மையில் அது பெரும்பாலும், சுமை மிகுந்து இழுபடும் இதயம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரப்பதாகும்.